திறந்தவெளியில் இசை

அரங்கின் சுவர்கள் பாடகரின் குரலைச் சிதறவிடாமல் அவையோரிடம் சேர்க்கின்றன. கூரை மழையையும் பனியையும் தடுக்கிறது. திறந்தவெளியில் இவ்விரு துணைகளும் இல்லை. குவாலியரில் தான்சேனின் நினைவிடத்தருகே ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் நடைபெறும் இசைவிழாவும், புணே நகரில் பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவும் இத்தகைய வெளியரங்குகளுக்குப் புகழ்பெற்றவை. அங்கே கலைஞர் எதிர்கொள்ளும் இடையூறுகள் யாவை?

முதலாவது, குளிர். இரவு ஏற ஏறக் காற்றின் வெப்பநிலை குறைகிறது. சிதாரின் உலோகக் கம்பிகள் குளிரில் சுருங்கி இறுகுவதால் அவற்றின் சுருதி உயர்கிறது. புல்லாங்குழலில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறு. வெப்பநிலை ஒரு பாகை குறையும்போது காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் குறைகிறது. ஆதலால் குழலின் சுருதி தாழ்கிறது. தொடக்கத்தில் ஒன்றியிருந்த இரு கருவிகளும் சிறிது நேரத்தில் விலகிவிடுகின்றன. கலைஞர்கள் இடையிடையே சுருதி சேர்ப்பது காலத்தை வீணாக்குவதன்று. இசையைக் காப்பதே ஆகும்.

இரண்டாவது, ஈரம். பனி படிந்தால் தபலாவின் தோல் தளர்ந்து ஒலி தாழும். வாசிப்பவர் சிறு சுத்தியலால் தோலின் ஓரப் பின்னலைத் தட்டி அதனை மீண்டும் இறுக்குகிறார்.

மூன்றாவது, காற்றும் மின்தடையும். ஒலிவாங்கியில் மோதும் காற்று இரைச்சலாகக் கேட்கும். அதனைத் தடுக்கவே நுரைப்பஞ்சு உறை அணிவிக்கின்றனர். மின்சாரம் நின்றால் பின்வரிசையினருக்குப் பாட்டுக் கேட்காது. அவ்வேளையில் தாளம் தவறாமல் தொடரும் கலைஞரும், பேச்சை நிறுத்திச் செவிசாய்க்கும் அவையோரும் சேர்ந்தே கச்சேரியைக் காப்பாற்றுகின்றனர். வெளியில் ஒலிப்பதற்கென்றே வளர்ந்த ஷெனாய்க்கும் நாகசுரத்திற்கும் இக்கவலை குறைவு.

இவற்றையெல்லாம் பொறுமையாலும் பயிற்சியாலும் வெல்லலாம். ஆனால் வெல்ல முயலக் கூடாத இடையூறு ஒன்று உண்டு. அதுவே இடிமின்னல். மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும்வரை நொடிகளை எண்ணுங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடிகள் ஆகும். 30 நொடிகளுக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டர் தொலைவிற்குள் உள்ளது என்பது பொருள். உடனே இசையை நிறுத்த வேண்டும். மேடையின் இரும்புத் தூண்களும், துணிப்பந்தலும், மரநிழலும் பாதுகாப்பானவை அல்ல. அனைவரும் உறுதியான கட்டடத்திற்குள் செல்லவேண்டும். கடைசி இடியோசைக்குப்பின் 30 நிமிடங்கள் கழியும்வரை வெளியே வரலாகாது.

பாட்டைப் பாதியில் நிறுத்துவது கலைஞருக்கு வருத்தமே. கூட்டம் கலைந்துவிடுமோ என்று அமைப்பாளரும் தயங்குவார். அத்தயக்கம் உயிரைப் பறிக்கக்கூடும். எனவே, நிறுத்தும் முடிவை எடுப்பவர் யார், மக்கள் எவ்வழியே எங்கே செல்வர் என்பவற்றை விழா தொடங்குமுன்பே வகுத்துவிட வேண்டும். எதனைப் பொறுத்துப் பாடுவது, எதற்காக நிறுத்துவது என்று பகுத்தறிதலும் இசைக்கலையின் ஒரு பகுதியே.

பயிற்சி

1. குளிரில் சிதாரின் சுருதியும் குழலின் சுருதியும் எவ்வாறு மாறுகின்றன? ஏன்?
2. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 12 நொடிகள் சென்றால் மின்னல் எவ்வளவு தொலைவில் உள்ளது?
3. உங்கள் பள்ளி மைதானத்தில் ஆண்டுவிழா நடைபெறும்போது இடி கேட்டால் செய்யவேண்டியவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.