செயற்றிட்ட முகாமைக் கல்வியும் மாத்தளை மாவட்டமும்

ஒரு கருமத்தை எண்ணுதல் வேறு. எண்ணியதை உரிய காலத்தில் முடித்தல் வேறு. ஆற்றலும் பொருளும் இருந்தும் முடியாதொழிந்த கருமங்கள் உலகிற் பல. அவை ஏன் முடிந்தில என ஆராய்ந்து, முடிக்கும் நெறியை ஒழுங்குபடுத்திக் கூறும் துறையே செயற்றிட்ட முகாமைத்துவம். நம் முன்னோர் இப்பொருளை அறியாதாரல்லர். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, காலமறிதல், வினைசெயல்வகை எனத் தனித்தனி அதிகாரங்கள் அமைந்துள்ளன. எனினும், இதனைக் கணக்கோடு கூடிய ஒரு பாடமாக வகுத்தமை இருபதாம் நூற்றாண்டின் பணியாகும்.

செயற்றிட்டம் என்பது யாது? தொடக்கமும் முடிவும் உடையதாய், வரையறுத்த செலவில், முன்னில்லாத ஒன்றை ஆக்கும் முயற்சியே செயற்றிட்டம். கோயிலில் நாடோறும் நிகழும் பூசை செயற்றிட்டமன்று; அஃது இடையறாது நிகழ்வது. திருப்பணி செய்து கும்பாபிடேகம் நிறைவேற்றுதல் செயற்றிட்டமாகும். அதற்கு நாள் குறிக்கப்படுகின்றது, செலவு மதிக்கப்படுகின்றது, முடிவும் உண்டு. தோட்டத்திற் கொழுந்து பறித்தல் முன்னதன்பாற்படும். புதிய தொழிற்சாலை கட்டுதல் பின்னதன்பாற்படும்.

வேலைகளைக் காலக் கோடுகளாக வரைந்து காட்டும் அட்டவணையை அமெரிக்கப் பொறியியலாளராகிய ஹென்றி காண்ட் என்பார் 1910களிற் பரப்பினார். 1950களின் பிற்பகுதியில் டூபொன்ட் நிறுவனத்தில் அவதிப் பாதை முறை உருவாயிற்று. 1958 இல் அமெரிக்கக் கடற்படை, போலாரிஸ் ஏவுகணை ஆக்கத்துக்கென இதனையொத்த பேர்ட் முறையைக் கையாண்டது.

அவதிப் பாதை என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஊரார் கூடி ஒரு வாசிகசாலை கட்டுகின்றனர் எனக் கொள்க. அத்திவாரம் தோண்ட 10 நாள். அத்திவாரம் கட்ட 12 நாள். சுவர் எழுப்ப 20 நாள். கூரை ஏற்ற 8 நாள். பூச்சும் தளமும் முடிக்க 14 நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழ வேண்டுவன. கூட்டினால் 64 நாளாகும். கூரை மரங்களைத் தச்சர் செப்பஞ்செய்தற்கு 25 நாள் வேண்டும். அதனை முதல் நாளிலேயே தொடங்கலாம். சுவர் எழுந்து முடிய 42 நாளாகுமாதலால், தச்சருக்கு 17 நாள் ஓய்வு உண்டு. அவர் பத்து நாள் தாமதித்தாலும் கட்டடம் தாமதியாது. கொத்தர் ஒரு நாள் தாமதித்தால் வாசிகசாலை ஒரு நாள் தாமதமாகவே திறக்கப்படும். தாமதத்தைப் பொறாத அந்த 64 நாள் வழியே அவதிப் பாதை. எவ்வேலையை விழிப்போடு காத்தல் வேண்டும், எங்கே ஆளைக் குறைத்து எங்கே கூட்டலாம் என்பன இதனாற் புலனாகும். இதற்குக் கூட்டலும் கழித்தலுமே போதும். உயர் கணிதம் வேண்டுவதில்லை.

இவ்வுண்மைக்குப் பெருஞ்சான்று மாத்தளை மாவட்டத்திலேயே உண்டு. பொல்கொல்லையில் தடுக்கப்பட்ட மகாவலி நீர், 1976 முதல், ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்கு வந்து மின்னாக்கி, சுது கங்கையூடாகப் போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைகின்றது. அணை முடிந்து சுரங்கம் முடியாதிருப்பின் நீர் வாராது. சுரங்கம் முடிந்து மின்னிலையம் முடியாதிருப்பின் மின் பிறவாது. ஒன்றன் தாமதம் அனைத்தின் தாமதமாகும்.

காலத்தின் அருமையையும் மகாவலியே கற்பிக்கின்றது. ஐக்கிய நாடுகள் நிறுவனத்தின் உதவியோடு 1968 இல் வகுக்கப்பட்ட பெருந்திட்டம் 30 ஆண்டுகளை எல்லையாகக் கொண்டது. 1977 இல் அமைந்த அரசு அதன் தலையாய பகுதிகளை 6 ஆண்டுகளில் முடிக்க விழைந்தது. விக்டோரியா, கொத்மலை அணைகளோ 1985 இலேயே நிறைவெய்தின. பெருந்திட்டத்தில் இடம்பெற்றிருந்த மொறகஹகந்த அணையின் வேலை 2007 இல் தொடங்கி, 2018 இலேயே பயன் தரலாயிற்று. அதன் இணையான களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கலை நகர் நீருள் மறைந்தது. மக்களுக்குப் புதிய நகர் அமைக்கப்பட்டது. ஆகவே, செயற்றிட்டக் கணக்கில் சீமெந்தும் இரும்பும் மட்டும் அடங்கா. பெயர்க்கப்படும் குடும்பங்களின் வயலும் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் அடங்கும். அவற்றை விட்டெழுதும் அட்டவணை குறையுடையதே.

இக்கல்வியை எங்கே பெறலாம்? அமெரிக்காவில் 1901 இல் ஜோலியற் நகரில் தோன்றிய இரண்டாண்டுக் கல்லூரி, சமுதாயக் கல்லூரிகளின் முன்னோடியாகக் கருதப்படுகின்றது. வீட்டிலிருந்து சென்று, குறைந்த செலவில், தொழிலோடு தொடர்புடைய கல்வி பெறுதல் அதன் நோக்கம். இலங்கையில் அப்பணியைத் தொழினுட்பக் கல்லூரிகள் ஆற்றுகின்றன. இவற்றின் மரபு 1893 இல் கொழும்பில் நிறுவப்பட்ட தொழினுட்பக் கல்லூரியிலிருந்து தொடங்குகின்றது. இன்று தேசிய தொழிற்றகைமை முறை ஏழு மட்டங்களாக அமைந்துள்ளது. முதல் நான்கும் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. கொத்தராகவோ மின்வினைஞராகவோ தொடங்கும் இளைஞன் படிப்படியாக ஏறுதற்கு இதில் வழியுண்டு. அவ்வேற்றத்துக்கு வேண்டிய படிகளுள் ஒன்று செயற்றிட்ட முகாமைத்துவம். கைத்தொழில் வல்லானைப் பலரை வழிநடத்தும் மேற்பார்வையாளனாக்குவது அதுவே.

பல்கலைக்கழக வாயில் எல்லார்க்கும் திறப்பதில்லை. உயர்தரம் முடித்து வீட்டிலிருக்கும் தோட்டப்புற மாணவன் தன் வாழ்வு முடிந்ததென எண்ணுதல் தகாது. தன் ஊருக்கு ஒரு குடிநீர்க் குழாய் வருங்கால், அதன் மதிப்பீட்டைப் படித்து, எவ்வேலை எந்நாளில் முடிதல் வேண்டுமெனக் கேட்கத் தெரிந்தவன், அவ்வூருக்குப் பெருந்துணையாவான். அத்தகையார் பத்துப்பேர் ஓர் ஊரில் இருப்பின், பாதியில் நின்ற கட்டடங்கள் அங்கே அருகும். இப்பாடத்தை மாணவர் தாய்மொழியில் தெளிவுறக் கற்பித்தலும், அருகிலுள்ள வேலைத்தலங்களுக்கு அவர்களை அழைத்துச் சென்று காட்டுதலும் ஆசிரியர் கடனாகும்.