கல்லான மரமும் கல்லாகாத மரமும்

ஓசூரில் நகை என்றால் தங்கம், கல் என்றால் கிரானைட். டைட்டனின் நகைத் தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் போனால் பாறையை அறுத்துப் பாலிஷ் போடும் பட்டறைகள். இன்றைய டீ நேரப் பேச்சுக்கு இந்த இரண்டிலும் சேராத ஒன்றை எடுத்துக்கொள்வோம்: மரத்திலிருந்து வந்த நகைக்கல்.

நம் ஊர்ப் பாறையில் அதைத் தேட வேண்டாம். கிருஷ்ணகிரிப் பாறைகளுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பூமியில் மரம் என்று ஒன்று எழுந்து நின்றே 40 கோடி ஆண்டு ஆகவில்லை. தவிர, நம் பாறை நிலத்தின் அடியாழத்தில் பெருஞ்சூட்டில் உருவானது. மரம் தங்குவதற்கு ஆற்று மணலோ சேறோ வேண்டும். ஆகவே கிழக்கே போவோம். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் சாலையைப் பிடித்து, மயிலம் பக்கம் திரும்பினால் திருவக்கரை. வக்ரகாளியம்மனைக் கும்பிடப் போனவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கும். அங்கே செம்மண் மேட்டில் கல்மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940 முதல் அந்த இடத்தைக் காத்துவருகிறது. மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. வேரும் கிளையும் இல்லாத வெறும் அடிமரங்களாகக் கிடப்பதால், வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது என்று தெரிகிறது.

பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ரொம்பக் காலம் மண்ணுக்குள்ளே கிடந்தா மரம் கல்லாயிடும் போல." இங்கே கொஞ்சம் நிற்போம். மரம் கல்லாக மாறுவதில்லை. மணலுக்குள் ஊறி வரும் தண்ணீரில் சிலிக்கா கரைந்திருக்கிறது. கண்ணாடியும் ஆற்று மணலும் பெரும்பாலும் எதனால் ஆனவையோ, அதே பொருள். அது மரத்தின் நுண்ணறைகளுக்குள் புகுந்து படிகிறது; மரம் சிறிது சிறிதாக அழிய, அந்த இடத்திலும் அதுவே உட்காருகிறது. தேன் நெல்லி போடும்போது காயின் தண்ணீர் வெளியேறிப் பாகு உள்ளே போகிறது, ஆனால் காயின் வரிகள் அப்படியே இருக்கின்றன அல்லவா, அதே மாதிரி. ஆண்டு வளையம்கூட அழியாமல் நிற்பதற்குக் காரணம் இந்த நிதானம்தான். நம் கையில் இருப்பது மரத்தின் வடிவம். பொருள் கிட்டத்தட்ட முழுவதும் கல்.

அப்படியானால் இதைச் செய்தது வெறும் காலம்தானா? இல்லை என்று காட்ட நமக்குப் பக்கத்திலேயே சாட்சி உண்டு. திருவக்கரைக்குத் தெற்கே நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக 1956இல் அங்கே பழுப்பு நிலக்கரி எடுக்கும் நிறுவனம் எழுந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரியும் மரம்தான். அதற்கும் வயது கோடிக்கணக்கான ஆண்டுதான். ஆனால் அது சதுப்பில், காற்றுப் படாமல் அமிழ்ந்தது. சிலிக்கா வந்து இடம் பிடிக்கவில்லை. மரத்தின் கரி மரத்தின் கரியாகவே நின்றது. ஒரே கடற்கரைப் பகுதியில் ஒன்று கல்லானது, ஒன்று அடுப்புக்கு ஏற்ற கரியானது. எந்தத் தண்ணீரில், எந்த மண்ணில் விழுந்தது என்பதே தீர்மானித்தது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மீதி எல்லாம் எளிது.

இரண்டு வகையும் நகைக்கு வந்திருக்கின்றன. கல்மரம் குவார்ட்ஸ் அளவுக்குக் கடினமானது. அறுத்துப் பாலிஷ் போட்டால் பழுப்பும் சிவப்புமாக மின்னும். இந்தோனேசியாவிலிருந்தும் அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்தும் மணிகளாக, பதக்கக் கற்களாக வருகிறது. (திருவக்கரையில் ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம்.) ஆனால் நகை வரலாற்றில் பெரிய பெயர் கல்லாகாத மரத்துக்குத்தான். அதன் பெயர் ஜெட். இங்கிலாந்தின் விட்பி கடற்கரையில் கிடைப்பது சுமார் 18 கோடி ஆண்டுப் பழையது. பெங்களூரு லால்பாகில் கோபுரம்போல் உயர்ந்து நிற்கும் அரக்கேரியா மரங்களைப் பார்த்திருப்போம். அவற்றின் முன்னோர் வகை கடலில் மிதந்து, ஊறி, மூழ்கி, காற்றில்லாச் சேற்றில் நசுங்கி ஜெட் ஆனது. நெய்வேலிக் கரிக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் நெய்வேலிக் கரியில் பாதியளவு ஈரம், காய்ந்தால் பொடிந்துவிடும். ஜெட் இறுகி, செதுக்கினால் கூர்மை நிற்கும் அளவுக்குக் கெட்டிப்பட்டது.

பிரிட்டனில் 4,000 ஆண்டுக்கு முந்தைய புதைகுழிகளிலேயே ஜெட் மாலைகள் இருக்கின்றன. ரோமானியர் யார்க் நகரில் இதைச் செதுக்கினார்கள். 1861இல் கணவர் ஆல்பர்ட் இறந்ததும் விக்டோரியா மகாராணி கருப்பைத் தவிர வேறு உடுத்தவில்லை. துக்கத்துக்காக அரசவையும் கரிய ஜெட் அணிந்தது. 1870களின் தொடக்கத்தில் விட்பி என்ற சிற்றூரில் ஏறக்குறைய 1,400 பேர் இதையே தொழிலாகச் செய்தார்கள். பிறகு மலிவான கருப்புக் கண்ணாடியும் ரப்பர் போலிகளும் வந்தன, துக்க உடையின் மோகமும் குறைந்தது, தொழில் படுத்தது.

அங்கே துக்கத்துக்கு அணிந்த கருப்பு மணி, நம் எல்லையில் மங்கலம். ஓசூரின் தெலுங்கு, கன்னட வீடுகளில் தாலியோடு கருகமணி கோப்பார்கள். அது பெரும்பாலும் கண்ணாடி, ஜெட் இல்லை. யாராவது ஜெட் என்று சொல்லி விற்றால் கையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும், கனக்கும். ஜெட்டில் சீக்கிரம் கைச்சூடு ஏறும், பிளாஸ்டிக்போல் லேசாக இருக்கும். மெருகிடாத டைல்ஸின் பின்பக்கத்தில் மெல்லத் தேய்த்தால் ஜெட் பழுப்புக் கோடு போடும். ரப்பர் போலியும் பழுப்பாகவே கோடு போடும் என்பதால், பழைய நகையாக இருந்தால் அனுபவமுள்ளவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.