மோட்டாரைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கிணற்றைப் பார்!

சித்தூர்ப் பக்கம், ஆந்திர எல்லையோரம் இருக்கும் குடிபாலாவில் என் தாய்மாமாவுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. ஒரு கோடையில் பக்கத்து நிலத்துக்காரர் புதிதாகப் போர் போட்டார். அடுத்த மாதமே மாமாவின் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. "உன் போராலதான்" என்றார் மாமா. "வெயிலுக்கு ஊர்ல எல்லாக் கிணறும்தான் வத்துது" என்றார் அவர். வார்த்தை தடிக்கிற நேரத்தில் பெரியவர் ஒருவர் கயிற்றில் கல்லைக் கட்டி மாமாவின் கிணற்றுக்குள் இறக்கினார். கல் தண்ணீரைத் தொட்ட இடத்தில், விளிம்போடு ஒட்டிக் கயிற்றில் ஒரு முடிச்சு. "இப்ப அந்த மோட்டாரைப் போடுப்பா" என்றார். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி இறக்கியபோது, முடிச்சு விளிம்பைத் தாண்டி ஒரு முழம் கீழே போன பிறகுதான் கல் தண்ணீரைத் தொட்டது. இரண்டுக்கும் ஒரே ஊற்று.

மூளை ஆராய்ச்சியில் கடந்த முப்பது ஆண்டுகளாக நடக்கும் மிக முக்கியமான முயற்சிகளில் ஒன்று, அந்தப் பெரியவர் செய்ததேதான்.

வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை எம்.ஆர்.ஐ. படத்தில் காணலாம் என்று 1990-இல் செய்ஜி ஒகாவா காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் எஃப்.எம்.ஆர்.ஐ. ஒருவர் படிக்கும்போதும் பயப்படும்போதும் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன என்று அது காட்டும். ஆனால் ஒன்று மற்றதை எழுப்பியதா, மூன்றாவது ஏதோ இரண்டையும் எழுப்பியதா? அதைப் படம் மட்டும் சொல்லாது. வெயிலில் இரண்டு கிணறும் சேர்ந்து வற்றுவதைப் பார்ப்பது போலத்தான் அது. மோட்டாரைப் போட்டாக வேண்டும்.

மூளையில் வெகுகாலம் முன்பே மோட்டாரைப் போட்டுப் பார்த்தவர்கள் அறுவை மருத்துவர்கள். கனடாவின் மான்ட்ரியல் நரம்பியல் கழகத்தில் வைல்டர் பென்ஃபீல்டு, வலிப்பு நோயாளிகளின் மண்டையோட்டைத் திறந்து, அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொடுவார். தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும், மூளைக்கு வலி தெரியாது. ஓரிடத்தைத் தொட்டால் விரல் தானாக அசையும், இன்னோரிடத்தில் பேச்சு நின்றுபோகும். ஒவ்வொரு இடத்திலும் எண் எழுதிய சின்னக் காகிதத் துண்டு ஒன்றை வைப்பார். வெட்டக்கூடாத இடம் எது என்று அந்தத் துண்டுகள் சொல்லும்.

அவரிடம் பயின்ற ஒருவர்தான் கோட்டயத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஜேக்கப் சாண்டி. 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கியவர். 1952-இல் அங்கே வலிப்புக்கான அறுவை சிகிச்சையும் செய்தார். குடிபாலாவில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலூர் போய்விடலாம். அதே சி.எம்.சி.யின் சித்தூர் வளாகம் இன்று குடிபாலா மண்டலத்திலேயே இருக்கிறது. இந்த அறிவியல் நமக்கு எங்கோ தூர தேசத்துச் சமாச்சாரம் இல்லை என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மண்டையோட்டைத் திறக்காமலே மூளையைத் தொட 1985-இல் வழி கிடைத்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவாக மின்சாரத்தைப் பாய்ச்சினார். அதில் எழுந்த காந்தத் துடிப்பு எலும்பைக் கடந்து உள்ளே மின்னோட்டத்தைத் தூண்டியது. எதிர்ப்பக்கக் கை துள்ளியது. இதுதான் டி.எம்.எஸ். 1997-இல் டோமாஷ் பவுஸ் குழு இதை, ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் பெட் ஸ்கேனோடு இணைத்தது. கண்ணசைவை ஆளும் முன்மூளைப் பகுதியைத் தூண்டினால், தொலைவில், பார்வையோடு தொடர்புள்ள பின்பகுதிகளிலும் ரத்த ஓட்டம் மாறியது. அந்த ஆய்வு நடந்த இடமும் பென்ஃபீல்டின் மான்ட்ரியல் கழகம்தான்!

எம்.ஆர்.ஐ.யோடு இணைப்பது இன்னும் கடினம். அந்தக் கருவியே ராட்சதக் காந்தம். அதற்குள் இன்னொரு காந்தச் சுருளை வைத்துத் துடிக்கவிட்டால், சுருள் அதிரும், படம் சிதையும். அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் டேரில் போனிங்கும் மார்க் ஜார்ஜும் 1990-களின் கடைசியில் வழி கண்டார்கள். இரும்பே இல்லாத சுருள். மின்சாரம் தரும் பெட்டி அறைக்கு வெளியே. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளியில் துடிப்பு. ரத்தம் மெதுவானது என்பது இங்கே வரமாக அமைந்தது. தூண்டல் நொடியில் முடிந்துவிடும். ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வர ஐந்தாறு நொடி ஆகும். துடிப்பு ஓய்ந்த பிறகு அந்த உச்சத்தைப் படமெடுத்துவிடலாம்.

நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிடிக்க, மூளையின் மின்னலைகளைத் தலைமேலிருந்தே பதியும் ஈ.ஈ.ஜி. வேண்டும். 2005-இல் மார்செல்லோ மஸ்ஸிமினி குழு வெளியிட்ட ஆய்வு என்னை இன்றும் சிலிர்க்க வைக்கிறது. விழித்திருப்பவரின் மூளையை டி.எம்.எஸ். துடிப்பால் தட்டினால் அந்த அலை பகுதி பகுதியாகப் பரவிப் போகிறது. அதே ஆள் ஆழ்ந்து உறங்கும்போது அதே இடத்தைத் தட்டினால், அலை தட்டிய இடத்திலேயே அடங்கிவிடுகிறது.

மருத்துவத்தில் இப்படித் தூண்டலையும் படத்தையும் சேர்த்துப் பார்ப்பதன் பயன் நேரடியானது. மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ். தரும்போது, கையைத் துள்ளவைக்கும் இடத்திலிருந்து டேப்பால் ஐந்து சென்டிமீட்டர் முன்னே அளந்து சுருளை வைப்பதுதான் பழைய வழக்கம். எல்லோர் தலையும் ஒரே அளவா? சோர்வோடு தொடர்புள்ள ஆழப் பகுதி ஒன்றுடன் முன்மூளையின் எந்தப் புள்ளி எதிர்த்திசையில் ஏறி இறங்குகிறதோ, அங்கே தூண்டினால் பலன் கூடுதல் என்று 2012-இல் மைக்கேல் ஃபாக்ஸ் குழு எழுதியது. நோயாளியின் சொந்த மூளைப் படத்தைப் பார்த்து அந்தப் புள்ளியைத் தேர்ந்து, ஐந்தே நாளில் ஐம்பது முறை தூண்டும் ஸ்டான்ஃபோர்டு முறைக்கு 2022-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் குழு, மனச்சிதைவில் காதுக்குள் கேட்கும் குரல்களுக்கு இரண்டு மில்லி ஆம்பியர் அளவிலான இன்னொரு வகைத் தூண்டலை நெடுநாளாக ஆராய்ந்து வருகிறது. இவற்றில் எதுவும், "கரண்ட் வைக்கிறாங்க" என்று ஊரில் பயப்படுகிற அந்தப் பழைய ஷாக் சிகிச்சை இல்லை. நோயாளி விழித்திருப்பார், பேசிக்கொண்டிருப்பார்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. 1978-இல் ஜார்ஜ் ஓஜமனும் ஹாரி விட்டேக்கரும் இருமொழிக்காரர்களின் மூளையை அறுவை மேசையில் தொட்டுப் பார்த்தபோது, சில புள்ளிகள் ஒரு மொழியில் மட்டும் பெயர் சொல்ல முடியாமல் தடுத்தன. குடிபாலாவில் என் மாமா மகள் தோப்பில் நின்று அப்பாவிடம் மாங்காய் என்கிறாள், திரும்பி வியாபாரியிடம் மாமிடிகாய என்கிறாள். அவள் தமிழில் நினைக்கும் நொடியில் ஒரு துடிப்பு, தெலுங்கில் நினைக்கும் நொடியில் இன்னொரு துடிப்பு. இரண்டு அலைகளும் ஒரே வழியில் போகின்றனவா? எல்லையோர ஊர்க்காரர்களை வைத்து, அவர்கள் சம்மதத்தோடு, வேலூரிலோ திருப்பதியிலோ யாராவது இதைப் பார்க்க வேண்டும்.