கியோட்டோவில் குடியேறும் பரிமாற்ற மாணவருக்கு

ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒரு பருவமோ ஓராண்டோ படிக்கப் போகிறீர்களா? பரிமாற்ற மாணவர் (சொந்தக் கல்லூரியில் பெயர் நீடிக்க, சில காலம் வெளிநாட்டில் படிப்பவர்) என்பதால் சேர்க்கை வேலைகளைப் பல்கலைக்கழகங்களே பார்த்துக்கொள்ளும். ஊரில் குடியேறுவது மட்டும் உங்கள் பொறுப்பு. அதை எந்த வரிசையில் செய்வது என்று தெரிந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலில் எதைச் செய்வது? முகவரிப் பதிவு. மூன்று மாதத்துக்கு மேல் தங்க வருபவர்களுக்குக் கான்சாய் விமான நிலையத்திலேயே 'ஸாய்ரியூ கார்டு' (வசிப்பு அட்டை) கொடுத்துவிடுவார்கள். அதன் முன்பக்கத்தில் முகவரிக்கான இடத்தைப் பாருங்கள். 'இன்னும் முடிவாகவில்லை, பதிவுக்குப் பின் மறுபக்கம் குறிக்கப்படும்' என்று ஜப்பானிய மொழியில் இருக்கும். அறையில் குடியேறிய 14 நாட்களுக்குள் 'குயாகுஷோ' (வார்டு அலுவலகம்) சென்று பதிவு செய்தால்தான் மறுபக்கத்தில் முகவரி ஏறும்.

எந்த அலுவலகத்துக்குப் போவது? கியோட்டோவில் 11 வார்டுகள் உண்டு. உங்கள் அறை இருக்கும் வார்டுக்குத்தான் போகவேண்டும். பாஸ்போர்ட், வசிப்பு அட்டை, கட்டடப் பெயரும் அறை எண்ணும் சேர்ந்த முழு முகவரி ஆகியவை கையில் இருக்கட்டும்.

கொஞ்சம் தாமதமானால் என்ன? மற்ற வேலைகள் எல்லாம் நின்றுபோகும். வங்கிக் கணக்கு, செல்போன் இணைப்பு இரண்டுக்கும் முகவரி ஏறிய அட்டையைக் கேட்பார்கள். அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பதும் சட்டப்படி கட்டாயம். அறையில் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்? முகவரியைப் பதியும் அன்றே, அதே அலுவலகத்தில் தேசிய உடல்நலக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்கும் மாணவர்களுக்கு இது கட்டாயம். காப்பீட்டில் அடங்கும் சிகிச்சைக்கு 100 ரூபாய் ஆனால் நீங்கள் கட்டுவது 30 ரூபாய்தான். உங்களுக்கு 20 வயது ஆகியிருந்தால் தேசிய ஓய்வூதியத்திலும் சேரவேண்டும். பயப்படாதீர்கள், வருமானம் இல்லாதவர்கள் கட்டண விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவத்தையும் கையோடு கேளுங்கள். ஆம்புலன்ஸுக்கு 119, காவல்துறைக்கு 110.

பகுதி நேர வேலை பார்க்கலாமா? அனுமதி வாங்கினால் பார்க்கலாம். மாணவர் விசாவில் முதல்முறை வருபவர்கள் விமான நிலையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாட நாட்களில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சவரம்பு. இரண்டு கடைகளில் வேலை பார்த்தாலும் இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு. மீறினால் விசாவுக்கே ஆபத்து.

குப்பையை எப்படிப் போடுவது? அக்கம்பக்கத்தாரிடம் நல்ல பெயர் எடுக்க முதலில் கற்கவேண்டியது இதைத்தான். சமையல் கழிவு போன்ற எரியும் குப்பைக்கு மாநகராட்சியின் மஞ்சள் பை. பாட்டில், டப்பா, பிளாஸ்டிக் உறைகளுக்கு ஒளி ஊடுருவும் பை. இரண்டும் சூப்பர் மார்க்கெட்டில் விலைக்குக் கிடைக்கும். ஒவ்வொரு வகைக்கும் தனி நாள் உண்டு. அந்த நாளில் காலை 8 மணிக்குள் வைத்துவிடவேண்டும். மாறிப் போட்டால் எடுக்காமல் விட்டுச் செல்வார்கள்.

சைவம் சாப்பிடுபவரா? இறைச்சி கண்ணில் படவில்லை என்பதற்காக ஒரு உணவைச் சைவம் என்று நினைக்காதீர்கள். மிசோ சூப், உடோன் குழம்பு போன்றவற்றில் பெரும்பாலும் 'தாஷி' (மீனோ கடற்பாசியோ ஊறவைத்த சாறு) இருக்கும். சாப்பிடும் முன் மீன் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

சைக்கிள் வாங்கலாமா? தாராளமாக. ஆனால் கியோட்டோவில் சைக்கிள் காப்பீடு கட்டாயம். கண்ட இடத்தில் நிறுத்தினால் மாநகராட்சி தூக்கிச் செல்லும். பணம் கட்டித்தான் மீட்கவேண்டும்.

ஜப்பானிய மொழி தெரியாதே? பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை முதல் நாளே பார்த்து, வார்டு அலுவலகத்துக்குத் துணைக்கு ஆள் கிடைக்குமா என்று கேளுங்கள். கெஆகே ரயில் நிலையம் அருகே 'கொகொகா' என்ற நகரப் பன்னாட்டு மையத்திலும் வெளிநாட்டவர்களுக்கு ஆலோசனை தருகிறார்கள்.

ஊர் திரும்பும்போது? வெளியேறும் அறிவிப்பை வார்டு அலுவலகத்தில் கொடுத்து, காப்பீட்டுப் பாக்கியைத் தீர்த்து, வங்கிக் கணக்கை மூடுங்கள். வசிப்பு அட்டையை விமான நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். அலுவலகங்கள் சனி, ஞாயிறு மூடியிருக்கும். ஆகவே டிக்கெட் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள்.