பெயின்ட்டுக்கும் எடை உண்டு

கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமராக்ஷன், கொரோனா ஊரடங்கில் இங்கிலாந்தில் தானே கட்டத் தொடங்கிய ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ விமானத்தில் குடும்பத்தோடு ஐரோப்பாவில் பறந்தது 2022-இல் செய்தியானது. இப்படிப் பாகங்களாக வாங்கி நாமே பொருத்தும் கிட் விமானம் என்றாலே எல்லோரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாலைப் பற்றியும் கேட்க வேண்டும். அதிலும், வெறும் அலங்காரம் என்று நினைக்கப்படும் கடைசிப் பூச்சைப் பற்றி. வாலில் உள்ள, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் திசை திருப்பும் ரடரும் கீல்களில் ஆடுபவை. கீலுக்குப் பின்னால் எடை கூடினால், வேகம் ஏறும்போது காற்றே அந்தப் பலகையைப் படபடவென்று அடிக்க வைத்துவிடலாம். ‘ஃப்ளட்டர்’ எனப்படும் இந்த அதிர்வு சில நொடிகளில் வாலையே பிய்த்துவிடக்கூடியது. அதைத் தடுக்கத்தான் பல விமானங்களில் கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைக்கிறார்கள். சங்கரன்கோவில் பூ மார்க்கெட் தராசில் இரு கைகளும் சம நீளம், இங்கே அப்படியில்லை. கீலுக்கு 20 செ.மீ. பின்னால் 100 கிராம் பெயின்ட் ஏறினால், 10 செ.மீ. முன்னால் 200 கிராம் ஈயம் வேண்டும். பள்ளத்தை மறைக்க அப்பும் பட்டியும் இதே கணக்கில்தான் சேரும்.

கிட் விற்கும் கம்பெனி கணக்குப் போட்டுத்தானே ஈயம் தருகிறது என்பார்கள். தருகிறது, நீங்கள் எத்தனை கோட் அடிப்பீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? சின்ன விமானம்தானே என்பதும் எடுபடாது, டிஎஸ்ஐ மணிக்கு 250 கி.மீ.யைத் தாண்டுவது. ஆகவே பெயின்ட் காய்ந்தபின் எலிவேட்டரைக் கீல் அச்சில் தாங்கவிட்டு, கையேடு சொல்லும் நிலையில் நிற்கிறதா என்று பார்த்து, ஈயத்தைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டும். மாட்டியபின் முழு வீச்சுக்கும் எங்கும் உரசாமல் ஓட வேண்டும். பின்விளிம்பில் உள்ள குட்டி ட்ரிம் பலகையை விரலால் அசைத்தால் லொடலொடக்கக் கூடாது. அந்தத் தளர்ச்சியும் ஃப்ளட்டருக்கு வழிவிடும்.