ஈஸ்ட்ரோஜன் உருவாகாத உடல்

மனித உடலில் ஈஸ்ட்ரோஜன், ஆண் ஹார்மோன்கள் எனப்படும் ஆண்ட்ரோஜன்களிலிருந்தே உருவாகிறது. டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண்ட்ரோஜனை எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் கடைசி வேலையைச் செய்வது அரோமடேஸ் என்ற நொதி. அதற்கான மரபணு 15ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் அரோமடேஸ் குறைபாடு வெளிப்படும். மிக அரிதான இக்குறைபாட்டுக்கு, நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த பெற்றோரின் குழந்தைகளிடம் வாய்ப்பு கூடுதல்.

குழந்தை பிறக்கும் முன்பே தாயின் உடலில் அறிகுறி தெரியலாம். சிசுவின் அட்ரினல் சுரப்பி அனுப்பும் ஆண்ட்ரோஜன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவது நஞ்சுக்கொடி. சிசுவின் மரபணுக்களையே கொண்டதால் அதிலும் இந்த நொதி இருக்காது. மாறாமல் தேங்கும் ஆண்ட்ரோஜன் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. முகப்பரு வருகிறது, முகத்தில் முடி வளர்கிறது, குரல் தடிக்கிறது. கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட்டால் மிக முக்கியமான தடயம் கைநழுவிப் போகும். வயிற்றில் இருப்பது பெண் சிசுவானால் அதன் பிறப்புறுப்பு ஆணுடையதை ஒத்து அமைகிறது. ஜப்பானில் ஒரு தாயிடமும் சேயிடமும் காணப்பட்ட இந்த மாற்றங்கள் 1991இல் பதிவாயின. இக்குறைபாடுள்ள பெண் குழந்தைகள் பருவ வயதை எட்டும்போது மார்பு வளராது, மாதவிடாய் வராது; சினைப்பைகளில் நீர்க்கட்டிகள் தோன்றும்.

ஆண் குழந்தையிடம் பிறவியில் எந்த வேறுபாடும் தெரியாது. இருபது வயதைக் கடந்தும் உயரம் கூடிக்கொண்டே போகும்; எலும்பு மெலியும். 1995இல் விவரிக்கப்பட்ட 24 வயது இளைஞரின் உயரம் 204 செ.மீ. இன்னொரு நோயாளியான 38 வயது ஆணுக்கு டெஸ்டோஸ்டீரோன் கொடுத்தும் எலும்பில் மாற்றமில்லை. எஸ்ட்ரடையால் கொடுத்ததும் எலும்பின் வளர்ச்சித் தகடுகள் மூடின, அடர்த்தியும் கூடியது. இத்தாலிய மருத்துவர்கள் 1997இல் இதை வெளியிட்டனர். ஆணின் எலும்பை முதிரச் செய்வதும் ஈஸ்ட்ரோஜனே என்பதை விரல்விட்டு எண்ணக்கூடிய இந்த நோயாளிகளே மருத்துவத்துக்கு உணர்த்தினார்கள்.

பழுது இன்னும் முந்தைய படியிலும் நேரலாம். 1966இல் விவரிக்கப்பட்ட 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியின் குறைபாட்டில் ஆண்ட்ரோஜனே உருவாவதில்லை. ஈஸ்ட்ரோஜனுக்கு மூலப்பொருளும் இல்லை. ஆண் குரோமோசோம் கொண்ட குழந்தையும் பெண் தோற்றத்தில் பிறக்கும். வேறொரு அட்ரினல் ஹார்மோன் மிகுவதால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மாதவிடாய் வராத இளம்பெண்ணுக்கு உயர் ரத்த அழுத்தமும் இருந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு ஸ்டீராய்டு மருந்துடன், பெண்ணாக வளர்ந்தவர்களுக்குப் பருவ வயதிலிருந்து ஈஸ்ட்ரோஜனும் தரப்படுகிறது. அரோமடேஸ் குறைபாட்டில் பெண்களுக்குப் பருவ வயதிலிருந்தும், ஆண்களுக்குக் குறைந்த அளவில் நீண்ட காலமும் எஸ்ட்ரடையால் தேவைப்படும்.