அடிக்கடி ‘டிரிப்’ ஆகும் டிபி பாக்ஸ்: பெரிய எம்சிபி போட்டால் சரியாகிவிடுமா?

சாயங்காலம் இடி இடிக்கிறது. ‘டப்’ என்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. அப்பா நாற்காலி போட்டு ஏறி, சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து, கீழே விழுந்த சுவிட்சை மேலே தள்ளுகிறார். திரும்ப விழுகிறது. மறுநாள் வயர்மேனிடம் ஒரு வேண்டுகோள்: “அண்ணே, அந்த 20-ஐ எடுத்துட்டு 32 போட்டுடுங்க.”

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். ஆனால் அப்பா கேட்பது ஆபத்தான தீர்வு. ஏன் என்று புரிய, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

பெட்டி பழசு, பொருள்கள் புதுசு

ஒரு காலத்தில் பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் கரண்ட் கிடைத்தது. லயத்து வீட்டில் ஒரு விளக்கு, ஒரு ரேடியோ, அவ்வளவுதான். பிறகு பொது மின்சாரம் வந்தது. அப்போது ‘எல்எல்என்’ என்று அழைக்கப்பட்ட தேசிய மின்சார வாரியம், 1990 செப்டம்பர் 1 முதல் தெனாகா நேஷனல் ஆனது.

இன்று அதே வீட்டில் வாட்டர் ஹீட்டர், ஏர்கோன், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் வந்துவிட்டன. பல வீடுகளில் பெட்டி மட்டும் மாறவில்லை.

டிபி பாக்ஸ் என்றால் என்ன?

மீட்டரைத் தாண்டி வரும் கரண்டை வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி இது. பிரிட்டனில் இதை ‘கன்ஸ்யூமர் யூனிட்’ என்பார்கள். நம் ஊரில் டிபி.

உள்ளே மூன்று முக்கியமான ஆட்கள். முழு வீட்டையும் துண்டிக்கும் மெயின் சுவிட்ச், ஒவ்வொரு வயருக்கும் ஒன்றாக வரிசையாக நிற்கும் எம்சிபி, ‘டெஸ்ட்’ என்ற சின்ன பட்டன் வைத்த ஆர்சிசிபி.

எம்சிபி காப்பாற்றுவது வயரை

எம்சிபியில் எழுதியிருக்கும் 6, 20, 32 ஆகியவை ஆம்பியர் அளவுகள். அதற்கு மேல் கரண்ட் ஓடினால், சூடாகி வயர் எரிவதற்குள் அது துண்டித்துவிடும்.

ஆகவே எம்சிபியின் எண்ணைத் தீர்மானிப்பது வயரின் தடிமன். பொதுவாக விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 ஆம்பியர் எம்சிபியும் போடுவார்கள். ஒரே வரிசையில் ஓடும் பிளக் பாயிண்ட்டுகளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், 20 ஆம்பியர்.

ஒரு சின்ன கணக்கு: 3,600 வாட் வாட்டர் ஹீட்டரை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 16 ஆம்பியர். அதே வயரில் 2,000 வாட் கெட்டிலும் ஓடினால் கூட 9 ஆம்பியர். மொத்தம் 25. எம்சிபி 20 என்றால் அது விழத்தான் வேண்டும்.

வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் 32 ஆக்கினால், பெட்டி அமைதியாகிவிடும். ஆனால் சுவருக்குள் வயர் சூடாகிக்கொண்டே இருக்கும். பலகை வீடு, பழைய கூரை என்றால் மீதியைச் சொல்லத் தேவையில்லை.

ஆர்சிசிபி காப்பாற்றுவது உங்களை

போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், கரண்ட் வேறு எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்த ‘வேறு எங்கோ’ ஒரு மனித உடலாகவும் இருக்கலாம். உடனே துண்டித்துவிடும்.

நம் ஊரில் பலரும் இதை ‘இஎல்சிபி’ என்றே சொல்கிறார்கள். அது வேறு முறையில் வேலை செய்த பழைய கருவியின் பெயர். கருவி மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கடையில் எந்தப் பெயரைச் சொன்னாலும் பெரும்பாலும் ஆர்சிசிபிதான் கைக்கு வரும்.

“அதான் எம்சிபி இருக்கே” என்று நினைக்கலாம். 20 ஆம்பியர் என்பது 20,000 மில்லி ஆம்பியர். மனித இதயத்தைத் தடுமாற வைக்க 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே ஆபத்து. ஷாக் அடிக்கும்போது எம்சிபிக்கு எதுவுமே தெரியாது.

10, 30, 100: எந்த எண் எங்கே?

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன.

• தரை ஈரமாக இருக்கும் இடம்: 10 மில்லி ஆம்பியர். குளியலறை வாட்டர் ஹீட்டர் இதில் சேரும்.
• கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள், அதாவது பிளக் பாயிண்ட்டுகள்: 30 மில்லி ஆம்பியர்.
• மற்றவை: 100 மில்லி ஆம்பியர்.

உங்கள் வீட்டு ஆர்சிசிபியின் முகப்பைப் பாருங்கள். 0.03 என்றால் 30 மில்லி ஆம்பியர். 0.1 என்றால் 100. பழைய வீடுகளில் முழு வீட்டுக்கும் ஒரே 0.1 மட்டும் இருப்பது உண்டு. வாட்டர் ஹீட்டரும் அதிலேயே ஓடினால் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

அதே முகப்பில் இருக்கும் 40 அல்லது 63 என்ற எண், அது தாங்கக்கூடிய கரண்ட். பாதுகாப்பு எண் அதுவல்ல.

வாசலில் புதைத்த கம்பி ஏன் முக்கியம்?

நம் நாட்டு வீடுகளுக்குப் பொதுவாக வீட்டுப் பக்கத்திலேயே எர்த் கம்பி புதைப்பார்கள். அதன் தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டி அளவு. சரியாக 10 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், கசியும் கரண்ட் 23 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது, ஒரு மணி நேரம்கூட எடுக்கலாம். அதுவரை ஹீட்டரின் உலோகப் பகுதியில் கரண்ட் இருக்கும். ஆர்சிசிபி அப்படிக் காத்திருக்காது, 0.3 வினாடிக்குள் துண்டித்துவிடும்.

அதனால் ‘தொல்லை’ என்று ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைப்பது, கடைசிப் பாதுகாப்பையும் கழற்றுவதுதான்.

புது பெட்டி வாங்கும்போது

முதலில் இடத்தை எண்ணுங்கள். விளக்குக்கு 2, பிளக்குக்கு 2, சமையலறைக்கு 1, ஹீட்டருக்கு 1, ஏர்கோனுக்கு 2 என்றால் 8 எம்சிபி. மெயின் சுவிட்சுக்கு 2 இடம், மூன்று ஆர்சிசிபிக்கு 6 இடம். மொத்தம் 16. நாளைக்கு என்று ஒரு நான்கு இடம் காலியாக வையுங்கள்.

ஆர்சிசிபியைப் பிரித்துப் போட்டால் இன்னொரு லாபம்: ஹீட்டரில் கோளாறு என்றால் ஃபிரிட்ஜ் நிற்காது. ‘ஆர்சிபிஓ’ என்பது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாகச் சேர்ந்தது. விலை கூடுதல், ஆனால் எந்த வயரில் கோளாறோ அது மட்டும் விழும்.

இன்வெர்ட்டர் ஏர்கோன், புது வாஷிங் மெஷின் இருந்தால் ‘ஏசி’ வகையைவிட ‘ஏ’ வகை ஆர்சிசிபி பொருத்தம். இடிமின்னலுக்கு ‘எஸ்பிடி’ என்ற கருவியையும் சேர்க்கலாம். எதை வாங்கினாலும் சிரிம்-எஸ்டி லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டியை மாற்றுவது யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை. எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற குத்தகையாளரிடம் கொடுங்கள். வேலை முடிந்ததும் ‘போராங் ஜி’, ‘போராங் எச்’ இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தோட்ட நிர்வாகத்தின் வீடு என்றால், நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்றைக்கே என்ன செய்யலாம்?

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், மாற்றியாக வேண்டும். மாதம் ஒருமுறை இப்படிச் சோதியுங்கள். ஆனால் இந்தப் பட்டன் கருவியை மட்டுமே சோதிக்கும். எர்த் கம்பியைச் சோதிக்க வயர்மேன்தான் வர வேண்டும்.

ஆர்சிசிபி அடிக்கடி விழுந்தால், எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு அந்தப் பக்கம். எல்லாம் இறங்கியிருந்தும் நிற்கவில்லை என்றால், அதற்கு மேல் தொடாதீர்கள். வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அடுத்த முறை அப்பா நாற்காலி போடும்போது, “இருங்கப்பா, எது விழுந்திருக்குன்னு முதல்ல பாப்போம்” என்று சொல்லுங்கள். எம்சிபி விழுந்திருந்தால் வயரில் பாரம் அதிகம், அல்லது ஷார்ட். ஆர்சிசிபி விழுந்திருந்தால் கரண்ட் எங்கோ கசிகிறது. இரண்டுக்குமே 32 பதில் இல்லை.